கடலோர செக்ஷனில் கரண்ட் வேலை: ராமநாதபுரம் பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

தொண்டியில் ஆரம்பித்து சாயல்குடி வரைக்கும், நடுவில் ராமேசுவரம் தீவையும் சேர்த்து, ஈபி ஆட்களைப் பார்த்தால் ஜனங்கள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். வேலைக்கு வர நினைக்கிற பையன்களும் பெண்களும் கேட்பது வேறு கொஞ்சம். இரண்டையும் கலந்தே எழுதியிருக்கிறேன். நான் கடலோர செக்ஷனில் பொறியாளர். வாரியத்தின் சார்பில் பேசவில்லை, கம்பத்தில் ஏறுகிறவர்கள் சார்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றும் இல்லை, மழையும் இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எதற்கு சார் கரண்ட் போகிறது?

உப்பு. புயலில் கரண்ட் போனால் யாரும் காரணம் கேட்பதில்லை, அமைதியான ராத்திரியில் போனால்தான் கேட்கிறார்கள். இந்தப் பக்கத்துக்கே உரிய தொல்லை அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அலை உடையும்போது கிளம்புகிற நுண்ணிய திவலை காற்றோடு ஏறி வந்து கம்பத்தின் மேல் இருக்கிற பீங்கான் இன்சுலேட்டரில் படிகிறது. காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது, அதனால் பகலெல்லாம் ஒன்றும் தெரியாது. பின்னிரவில் பனி இறங்கி அந்தப் படலம் நனைந்ததும் கம்பியில் இருந்து கிராஸ் ஆர்முக்கு, அதாவது இன்சுலேட்டரைத் தாங்குகிற குறுக்குச் சட்டத்துக்கு, கரண்ட் கசிய ஆரம்பிக்கும், கசிகிற சூட்டில் படலம் அங்கங்கே காயும், காய்ந்த பட்டையைத் தாண்டிப் பொறி பறக்கும், பொறி நீண்டு நீண்டு ஒரு கட்டத்தில் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே தாவலாகத் தாவிவிடும். சப்ஸ்டேஷனில் எர்த் ஃபால்ட், அதாவது கரண்ட் தரைக்கு ஓடுகிறது, என்று ரிலே காட்டி பிரேக்கர் விழும், லைன் நின்றுவிடும். ஊர் இருட்டு.

இதில் பலருக்கும் நம்பக் கஷ்டமாக இருப்பது, கனமழை எங்களுக்கு நல்லது என்பது. அடித்துப் பெய்கிற மழை இன்சுலேட்டரைக் கழுவிவிடும். தூறலும் பனியும்தான் ஆகாது, நனைக்குமே தவிர கழுவாது. இந்த மாவட்டத்தில் மார்கழியோடு மழை நின்றால் அடுத்த ஐப்பசி வரைக்கும் உருப்படியாகக் கழுவ ஒன்றும் வராது. அத்தனை மாத உப்பும் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் புரட்டாசிக் கடைசியில் முதல் தூறல் விழுகிற ராத்திரி எங்கள் ஆட்கள் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

கீழக்கரைப் பக்கம் ஒரு மாதம், தொண்டிப் பக்கம் இன்னொரு மாதம் என்று தொல்லை மாறி மாறி வருவது ஏன்?

கடல் இரண்டு என்பதால். இதை மீனவர்களிடம் கேட்டால் எங்களைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். கச்சானும் சோழகமும் வீசுகிற ஆனி, ஆடி, ஆவணியில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் உப்பு ஏறும். வாடையும் கொண்டலும் திரும்பியதும் பாக் நீரிணைப் பக்கம், அதாவது தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி வாங்கிக் கட்டிக்கொள்ளும். அங்கே வாடையோடு மழையும் சேர்ந்து வருவதால் கழுவிக்கொண்டே இருக்கும். மழை நின்ற பிறகும் வாடை விடாமல் வீசுகிற தை, மாசிதான் அந்தப் பக்கத்துக்கு மோசம், பனியும் அப்போதுதான். ராமேசுவரம் தீவுக்கு இரண்டு பக்கமும் கடல், அதற்குச் சீசன் கிடையாது.

என் கருத்து, கடலோர செக்ஷன்களுக்குப் பராமரிப்பு அட்டவணையைக் காற்றைப் பார்த்துப் போட வேண்டும். தெற்குக் கரை லைன்களை ஆவணி முடியும்போது துடைத்தாக வேண்டும், வடக்குக் கரைக்கு மார்கழி முடிவு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணி முதல் சாயங்காலம் வரை மின்தடை அறிவிப்பு வந்தால் திட்டாதீர்கள் என்று கேட்பதற்கும் அதுதான் காரணம். அன்று மரம் மட்டும் வெட்டவில்லை, இன்சுலேட்டரையும் துடைக்கிறோம்.

எல்லாவற்றையும் பாலிமர் இன்சுலேட்டராக மாற்றிவிட்டால் முடிந்ததே?

பாதி முடியும். சிலிக்கான் ரப்பர் மேற்பரப்பில் தண்ணீர் படலமாகப் பரவாமல் துளித்துளியாக நிற்கும், அதனால் கசிவு தொடர்ச்சியாக ஓட வழியில்லை. கடலோரத்துக்கு அது நல்ல சரக்குதான். இன்னொரு வழி, பீங்கானிலேயே மடிப்பு அதிகமுள்ளதைப் போடுவது. மேற்பரப்பில் கரண்ட் ஊர்ந்து கடக்க வேண்டிய தூரத்தை வைத்துத்தான் கணக்கு. மாசு குறைந்த இடத்துக்குக் கிலோவோல்ட்டுக்கு 16 மி.மீ. போதும் என்றால், கடலை ஒட்டிய மோசமான இடத்துக்கு 31 மி.மீ. என்று வைப்பது வழக்கம். 11 கே.வி. (11,000 வோல்ட்) லைனை 12 கே.வி.க்குக் கணக்குப் போடுவார்கள், அப்படியானால் 372 மி.மீ. வரும். உள்நாட்டுக்கு வாங்கிய சரக்கை வாலிநோக்கத்தில் கொண்டுவந்து மாட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உப்பு இன்சுலேட்டரோடு நிற்பதில்லையே. சாதாரண அலுமினியக் கம்பியின் நடுவில் துத்தநாகம் பூசிய எஃகு இருக்கும். ஈர உப்பு உள்ளே இறங்கினால் முதலில் துத்தநாகம் போகும், அப்புறம் எஃகு துருப்பிடித்து வீங்கும், பக்கத்தில் இருக்கிற அலுமினியமும் அரிபடும். வெளியே பார்த்தால் கம்பி நன்றாகவே தெரியும், இழுவையைத் தாங்குகிற நரம்பு மட்டும் உள்ளே இருக்காது. அதனால்தான் கடலோரத்தில் எஃகே இல்லாத அலுமினியக் கலவைக் கம்பி மேல் என்கிறோம். சிமென்ட் கம்பத்திலும் இதே கூத்துதான். உள்ளே இருக்கிற கம்பி துருவேறி உப்பியதும் சிமென்ட் பொரிந்து உதிரும். இரும்புக் கம்பம் என்றால் தரைமட்டத்தில்தான் முதலில் தின்னும், அடியில் கான்கிரீட் காலர் கட்டுவது அதற்காகத்தான். அந்தக் காலரில் ஆடு கட்டாதீர்கள்.

ஃபால்ட் எங்கே என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. பிரேக்கர் விழுந்ததும் சப்ஸ்டேஷனில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பார்கள். நின்றால் சரி, மறுபடி விழுந்தால் ஃபீடரின், அதாவது சப்ஸ்டேஷனில் இருந்து கிளம்பி வருகிற லைனின், நடுவில் அதைத் துண்டிக்கக் கம்பத்தில் வைத்திருக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து முன்பாதிக்கு மட்டும் கரண்ட் விடுவோம். நின்றதா, அப்படியானால் கோளாறு பின்பாதியில். அதையும் இரண்டாக்கு, மறுபடி இரண்டாக்கு. இப்படிச் சில கம்பங்களுக்கு இடையில் வந்த பிறகு டார்ச்சோடு நடை. அறுந்த கம்பி, கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே சாய்ந்தது, லைனில் விழுந்த பனை மட்டை, சீமைக்கருவேலம் தொட்ட இடம் என்றால் உடனே தெரிந்துவிடும். மயிரிழை விரிசல் விட்ட இன்சுலேட்டர்தான் உயிரை வாங்கும், கீழிருந்து பார்த்தால் முழுசாகவே இருக்கும். கரண்ட் உள்ள பகுதியை இருட்டில் டார்ச்சை அணைத்துவிட்டு நின்று பார்த்தால் கசிகிற இன்சுலேட்டரில் நீலமாகப் பொறி தெரியும், புஸ்ஸென்று சத்தமும் கேட்கும். பகல் முழுக்க நடந்தாலும் கிடைக்காதது சில சமயம் ராத்திரி அப்படிக் கிடைத்துவிடும்.

இதில் பழைய வயர்மேன்களுக்கு இருக்கிற கணக்கே தனி. எந்த வளைவில் எந்தக் கம்பம் ஏற்கனவே தகராறு செய்தது, எந்தத் தோப்புக்காரர் மரத்தை வெட்ட விடாமல் சண்டை போட்டார், எல்லாம் மனசில் இருக்கும். படத்தில் இருக்கிற ஃபீடர் வேறு, தரையில் இருக்கிற ஃபீடர் வேறு என்பதைக் கல்லூரி முடித்து வருகிற ஏ.இ. (உதவிப் பொறியாளர்) முதல் மழைக்காலத்திலேயே புரிந்துகொள்வார்.

கோளாறைக் கண்டுபிடித்த பிறகும் ஏன் அவ்வளவு நேரம்? மாட்டிவிட்டு இறங்க வேண்டியதுதானே?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் பதிலைக் கேளுங்கள்.

வேலை பத்து நிமிடம்தான், உயிரோடு வேலை பார்ப்பதற்கான ஏற்பாடுதான் மீதி நேரம். முதலில் லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தி வைத்து வேலை பார்க்க சப்ஸ்டேஷனில் வாங்குகிற அனுமதி, எங்கள் பாஷையில் எல்சி. இன்ன ஃபீடர், இன்ன இடத்தில் இருந்து இன்ன இடம் வரை என்று கேட்டு, எதிர்முனையில் இருப்பவர் அதையே திருப்பிச் சொல்லி, இரண்டு பக்கமும் நேரத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். எல்சி எடுத்தவர்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார், நான் சொல்கிறேன் போடுங்கள் என்று ஏ.இ. சொன்னாலும் போடக் கூடாது. ஏ.இ.யாக இருந்துகொண்டே சொல்கிறேன்.

அடுத்தது ஏபி சுவிட்ச். கீழே கைப்பிடியை இழுத்தால் மேலே மூன்று பிளேடும் திறக்க வேண்டும். உப்புக் காற்றில் ஒரு பிளேடு துருவில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும், கைப்பிடி மட்டும் கீழே வந்துவிடும். அதனால் கைப்பிடியை நம்பாதே, மூன்று பிளேடும் விலகி நிற்பதைக் கண்ணால் பார், பூட்டுப் போடு, அப்புறம் லைனில் கரண்ட் இல்லை என்று டிடெக்டரில் பார்த்துக்கொள். பிறகு வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு மாட்ட வேண்டும். ஒரு பக்கம் மாட்டினால் போதாதா என்று புதுப் பையன்கள் கேட்பார்கள். கரண்ட் எந்தப் பக்கத்தில் இருந்து திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்? ஹெல்மெட், இடுப்பு பெல்ட், கையுறை எல்லாம் இதற்குப் பிறகுதான் கணக்கில் வரும். ரப்பர் கையுறை போட்டிருக்கிறேன் என்பதற்காக 11 கே.வி.யைத் தொட முடியாது.

இதற்கு நடுவில் கீழே பத்துப் பேர் நின்று "இன்னும் எவ்வளவு நேரம்ணே" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ எடுப்பார். அவசரப்படுத்தினால் வேலை வேகமாக நடக்காது, மேலே சொன்ன வரிசையில் ஏதாவது ஒன்று விடுபடும், அவ்வளவுதான்.

"கரண்ட் எந்தப் பக்கத்தில் இருந்து திரும்பி வரும்" என்றால்? நீங்கள்தானே நிறுத்தியிருக்கிறீர்கள்?

நாங்கள் நிறுத்தியிருப்போம், நீங்கள் ஜெனரேட்டரைப் போட்டிருப்பீர்கள். ஐஸ் கம்பெனி, லாட்ஜ், கல்யாண மண்டபம், இப்போது வீடுகளிலும் இருக்கிறது. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் சரியாக இல்லாமல், மெயினையும் அணைக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால் அந்தக் கரண்ட் சர்வீஸ் வயர் வழியாக டிரான்ஸ்பார்மருக்கு வரும். டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. கீழே இருந்து வருகிற 230 வோல்ட்டை மேலே 11,000 வோல்ட் அளவுக்கு ஏற்றிவிடும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கம்பியைப் பிடிப்பவரின் கதி என்ன? ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு சுவிட்சை ஒழுங்காக மாட்டச் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய உதவியை நாங்கள் கேட்க மாட்டோம்.

மாடியில் சோலார் வைத்திருக்கிறேன். லைனில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடுகிறதே, ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. லைனோடு இணைகிற இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இல்லையென்றால் தானே நின்றுவிட வேண்டும், முந்தைய பதிலில் சொன்ன அதே காரணத்துக்காக. பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை என்றால் வீட்டை மட்டும் தனியாகப் பிரித்து ஓட்டும், விலை கூட. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் வைப்பவர்களுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. வைப்பதானால் கடலோரத்தில் ஸ்டாண்டையும் போல்ட்டையும் பார்த்து வாங்குங்கள். பேனல் நிற்கும், ஸ்டாண்டு துருவில் போய்விடும்.

கமுதியில் அவ்வளவு பெரிய சோலார் இருக்கிறது, வழுதூரில் கேஸ் பிளான்ட் இருக்கிறது. நம் மாவட்டத்தில் உற்பத்தி செய்துவிட்டு நமக்கே கட்டா?

நியாயமான கோபம், ஆனால் இடம் தப்பு. கமுதி 648 மெகாவாட், 2016-ல் வந்தது. வழுதூரில் இந்த மாவட்டத்திலேயே கிடைக்கிற இயற்கை எரிவாயுவில் டர்பைன் ஓடுகிறது. இரண்டும் உயர் அழுத்த லைனில் ஏறி மாநில கிரிடில் கலந்துவிடும், அதில் இது கமுதிக் கரண்ட், இது மேட்டூர்க் கரண்ட் என்று பிரிக்க முடியாது. உங்கள் தெருவில் கரண்ட் போவது கரண்ட் பற்றாமல் இல்லை. சப்ஸ்டேஷனில் இருந்து உங்கள் வீடு வரைக்கும் வருகிற கடைசிக் கொஞ்ச தூரத்துக் கம்பியிலும் இன்சுலேட்டரிலும்தான் பிரச்சினை. எவ்வளவு உற்பத்தி செய்தாலும் உப்பேறிய இன்சுலேட்டரைத் தாண்டித்தானே வர வேண்டும்.

திடீரென்று வோல்டேஜ் ஏறி டி.வி., ஃபிரிட்ஜ் எல்லாம் எரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் மட்டும் பல்ப் மங்கல். எப்படி?

நியூட்ரல் அறுந்திருக்கும். மூன்று ஃபேஸ் வருகிற தெருவில் நியூட்ரல் ஜாயின்ட் உப்பில் அரித்து விட்டுப்போனால், வேறு வேறு ஃபேஸில் இருக்கிற இரண்டு வீடுகள் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்ளும். மோட்டார் ஓடுகிற வீட்டுக்குக் குறைந்த பங்கு, ஒரு டி.வி. மட்டும் ஓடுகிற வீட்டுக்குப் பெரிய பங்கு. பல்ப் வழக்கத்துக்கு மேல் பளீரென்று எரிந்தால் எதையும் யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டுப் போன் செய்யுங்கள். தெரு முழுக்க ஒரு சில வீடுகளில் சரியாகவும் மற்ற வீடுகளில் பாதி வோல்டேஜாகவும் வந்தால் அது வேறு: டிரான்ஸ்பார்மருக்குள் 11 கே.வி. வருகிற பக்கம் ஒரு ஹெச்ஜி ஃபியூஸ் போயிருக்கும். போனில் இந்த வித்தியாசத்தைச் சொன்னீர்கள் என்றால் வருகிற ஆள் சரியான சாமானோடு வருவார்.

புயல் வந்தால் என்ன செய்வீர்கள்?

காற்று வேகம் ஏறும்போதே லைனை நாங்களே நிறுத்திவிடுவோம். கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்து ஆள் மிதிப்பதைவிட இருட்டில் இருப்பது மேல். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி நாளில் தண்ணீர் வடிகிற வரை லைன் போட முடியாது.

கம்பம் நடுவது தனிப் பாடம். மொத்த நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பது கணக்கு, 9 மீட்டர் கம்பத்துக்கு 1.5 மீட்டர். மணலில் அது மட்டும் பற்றாது, கான்கிரீட்டும் ஸ்டேயும் வேண்டும், குழி தோண்டத் தோண்டச் சரிந்துகொண்டே இருக்கும். 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் போயின, எல்லா மாவட்டங்களில் இருந்தும் ஆட்கள் போனார்கள். தெரியாத ஊர், தெரியாத ஃபீடர், கல்யாண மண்டபத்தில் படுக்கை. அங்கே உள்ளூர் வயர்மேன் ஒருவர் கூட வராத குழு ஒரு கம்பத்தைக்கூடத் தொடக் கூடாது என்பேன். எந்த லைன் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

இந்த வேலைக்கு எப்படி வருவது?

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் படித்தால் களப்பணிக்கு, பி.இ. முடித்தால் உதவிப் பொறியாளருக்கு. இப்போது தேர்வு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக, அறிவிப்பை அங்கேயே பாருங்கள். பணம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கம்பம் ஏறத் தெரியாமல் வராதீர்கள், பயமே இல்லாதவர்களும் வராதீர்கள்.

பெண்கள் வரலாமா என்றும் கேட்கிறார்கள். செக்ஷனை நடத்துகிற பெண் பொறியாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ராத்திரி பிரேக்டவுனுக்கும் போகிறார்கள்.

ஏ.இ. பெரியவரா, வயர்மேன் பெரியவரா?

டீக்கடையில் கேட்கிற கேள்வி, பதில் சொல்லிவிடுகிறேன். எஸ்டிமேட், சாமான், எல்சி, கையெழுத்து, யாராவது அடிபட்டால் விசாரணை, இவை ஏ.இ. தலையில். மேலே ஏறலாமா கூடாதா என்பது ஏறுகிறவர் வாயில். "இந்தக் கம்பம் தாங்காது சார்" என்று அவர் சொன்னால் ஏணி வண்டி வரும் வரைக்கும் ஊரே திட்டினாலும் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் சீனியாரிட்டி பேசுகிற பொறியாளர் கடலோரத்துக்கு ஆகாது.

முதலில் ஐஸ் கம்பெனிக்குத்தான் கரண்ட் கொடுக்கிறீர்களாமே?

ஆஸ்பத்திரி, குடிநீர் பம்பு, அப்புறம் அதிக வீடுகள் இருக்கிற லைன். ஐஸ் கம்பெனி எந்த லைனில் இருக்கிறதோ அந்த லைன் வரும்போது அதற்கும் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனிகளில் பாதி ஓய்ந்திருக்கும், அப்போதும் அதே வரிசைதான்.

புகாரை எப்படிச் சொன்னால் சீக்கிரம் நடக்கும்?

மின்னகம் 94987 94987, எந்நேரமும் எடுப்பார்கள். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "கரண்ட் இல்லை" என்பதோடு நிறுத்தாமல், உங்கள் வீட்டில் மட்டுமா, தெருவுக்கா, ஊருக்கா, சத்தம் ஏதும் கேட்டதா, எந்தக் கம்பத்துப் பக்கம் பொறி பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ எண் எழுதியிருந்தால் அதையும் படித்துச் சொல்லுங்கள். அறுந்த கம்பி கிடந்தால் போனில் முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும், ஆள் வரும் வரை ஒருவர் தூரத்தில் நின்று யாரையும், ஆடுமாட்டையும், பக்கத்தில் விடாமல் பார்த்துக்கொள்ளட்டும். கரண்ட் இல்லாத கம்பிதான் என்று யார் சொன்னாலும் கம்பு வைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டாம்.